பனி விழாத ஊருக்கு ஒரு கூரை

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மீட்டர்கேஜ் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி அறையில் நான் கட்டிக்கொண்டிருந்த ரயில் லேஅவுட்டை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முதல் கட்டடம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெர்மன் கிட் ஒன்று, சின்னக் கிராமத்து நிலையம். பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு பசைத் துளிகூட வெளியே தெரியாமல் ஒட்டி வைத்திருந்தேன்.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமா ஒட்டிருக்கய்யா. இது எந்த ஊரு ஸ்டேஷன்?"

"நம்ம லைன்தான் பெரியப்பா. பகவதிபுரம் பக்கத்துல ஒரு ஸ்டேஷன்னு வச்சுக்கோங்க."

"அப்படியா." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரலை நீட்டி, கட்டடத்தைத் தொடாமல் காட்டினார். "டிக்கெட் எடுக்க வாறவன் எங்கய்யா நிப்பான்? வெயில்லயா? சாரல் அடிச்சா எங்க ஒதுங்குவான்? கூரைய ஏன் இவ்வளவு நட்டமா வச்சிருக்க?"

என்னிடம் பதில் இல்லை. அவர் ஊருக்குப் போன பிறகு அந்தக் கட்டடத்தை நான் பார்த்த விதமே மாறிப்போனது. சுவர், ஜன்னல், ஓடு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மழை, வெயில், கூட்டம் மூன்றும் வேறு ஊருடையவை. இந்தப் பதிவு அதற்குப் பிறகு நடந்த வெட்டல், ஒட்டல், பூசலைப் பற்றியது.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என் லேஅவுட்டைப் பற்றி இரண்டு வரி. அளவு எச்.ஓ., அதாவது நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது இங்கே ஒரு மில்லிமீட்டர். தண்டவாளங்களுக்கு இடைவெளி 12 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,044 வரும். நிஜ மீட்டர்கேஜுக்கு 44 மி.மீ. கூடுதல், சுவிட்சர்லாந்தின் குறும்பாதைகளை மாடல் செய்கிறவர்களும் இதே 12-ஐத்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஆகவே தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. ஐந்தடி எட்டு அங்குல ஆள் இங்கே இருபது மி.மீ. உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலம் 1980-கள். நிலையம் கற்பனை. செங்கோட்டை–புனலூர் பாதையில் 2010-ல் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்றன. 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். நான் சிறுவனாகப் பயணம் செய்த பாதை அது. அந்தப் பாதையில் இல்லாத, ஆனால் இருந்திருக்கக்கூடிய ஒரு நிலையம் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் தேடிய வரையில் தென்னிந்திய மீட்டர்கேஜ் நிலையம் என்று ஒரு பிளாஸ்டிக் கிட் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா. ஒவ்வொன்றும் தான் பிறந்த ஊரைக் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறது. ஃபாலர் நிறுவனம் 1946-ல் ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் கியூட்டன்பாக் என்ற சிற்றூரில் தொடங்கியது. அந்தச் சீமையில் வீடுகளின் கூரை, பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தாகச் சரிந்து இறங்கும். அவர்கள் பெட்டியைத் திறந்தால் அந்தக் கூரைதான் வரும். மெட்கால்ஃப் யார்க்‌ஷர்க்காரர்கள், அவர்களுடைய அட்டைக் கிட்களில் அந்த மேட்டுநிலத்துச் சாம்பல் கல் வீடுகள். மில்வாக்கியின் வால்தர்ஸ் என்றால் செங்கல் தொழிற்சாலையும் தானியக் கிடங்கும். இவற்றில் எதையும் குறை சொல்வதற்கில்லை. அவரவர் ஊரை அவரவர் பார்த்துச் செய்திருக்கிறார்கள். நம் ஊரை நாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கூரை. பெரியப்பா விரல் நீட்டிய இடத்திலேயே தொடங்கினேன்.

கிட்டின் பக்கச் சுவர், அதாவது முக்கோணம் ஏறும் சுவர், 70 மி.மீ. அகலம். கூரைச் சரிவு 45 டிகிரி. அப்படியானால் முக்கோணத்தின் உயரம் 35 மி.மீ. நம் பக்கத்து ஓட்டுக் கூரைகளைப் பழைய புகைப்படங்களில் கோணமானியை வைத்து அளந்து பார்த்தேன். முப்பது டிகிரியை ஒட்டி வந்தது. முப்பதுக்கு இறக்கினால் முக்கோண உயரம் 20 மி.மீ. ஆகிறது. பதினைந்து மி.மீ. பிளாஸ்டிக்கை அறுத்துத் தள்ள வேண்டும்.

அறுக்கும் முன் தாளில் கணக்குப் போட்டேன், அப்போதுதான் அந்தச் சந்தோஷம் கிடைத்தது. 45 டிகிரியில் முகட்டிலிருந்து சுவர் விளிம்பு வரை கூரைத் தகட்டின் நீளம் 49 மி.மீ. சொச்சம். 30 டிகிரிக்குப் படுக்க வைத்தால் அதே தூரத்துக்கு 40 மி.மீ. போதும். மீதி 9 மி.மீ. சுவரைத் தாண்டி வெளியே நீளும். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 78 சென்டிமீட்டர். இரண்டரை அடித் தாழ்வாரம்! கூரையைத் தாழ்த்தியதும் இறவாணம் தானாக வந்துவிட்டது. சாரலுக்கு ஒதுங்க இடம் இல்லை என்று பெரியப்பா கேட்டாரே, அந்த இடம் அந்தத் தகட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் அதை நட்டமாக நிறுத்தி வைத்திருந்தேன். அன்று இரவு மேசையிலிருந்து எழவே மனம் வரவில்லை.

ஓட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மன் ஓட்டை நம் கூரையில் வைத்தால் பொருந்துமா என்று எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. படித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு அல்சாஸ் பகுதியின் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-ல் காப்புரிமை வாங்கினார்கள். 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜியார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில், நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணை வைத்து ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அதுதான் நாம் மங்களூர் ஓடு என்று சொல்வது. பள்ளிக்கூடம், ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று தெற்கே எங்கெங்கோ ஏறியது. ரைன் நதிக்கரையிலிருந்து கிளம்பிய ஓடு நேத்ராவதிக்கு வந்து, செங்கோட்டைக்கும் வந்தது. இப்போது என் மாடி அறைக்கு வந்திருக்கிறது. அளவையும் சரிபார்த்தேன். மங்களூர் ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக வெளியே தெரிவது ஏறத்தாழ 32 செ.மீ. நம் அளவில் 3.7 மி.மீ. கிட்டின் கூரைத் தகட்டில் வரிசைக்கு வரிசை மூன்றரை. கண்ணால் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம்.

முகட்டில் மட்டும் வேலை இருந்தது. நம் ஊரில் முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பதித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்புக் கூரையின் உச்சியில் கோணல்மாணலாக ஒரு வெளிர் கோடு ஓடும். வெள்ளைப் புட்டியை ஊசி முனையில் எடுத்து இரண்டு பக்கமும் வைத்து, காய்வதற்குள் ஈரத் தூரிகையால் தடவினேன். புகைபோக்கிக்கென்று இருந்த துளையை ஓட்டுத் துண்டு ஒன்றால் அடைத்தாயிற்று.

அடுத்து கதவு உயரம். இதைச் சொன்னால் அளவுக் கணக்கில் கண்டிப்பானவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், தெரியும்.

இங்கிலாந்தில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது எச்.ஓ. அளவை அல்ல, ஓ.ஓ. என்ற அளவை. அது ஒன்றுக்கு 76.2. வழக்கமான பாதைக்குத் தண்டவாள இடைவெளி இரண்டுக்கும் ஒன்றே, 16.5 மி.மீ. (என்னுடைய 12 மீட்டர்கேஜுக்கு.) ஆனால் கட்டடங்கள் எச்.ஓ.-வைவிடப் பதினான்கு சதவீதம் பெரியவை. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. இங்கிலாந்துக் கதவு ஆறரை அடி என்று வைத்துக்கொண்டால் ஓ.ஓ. கிட்டில் அது 26 மி.மீ. அதை எச்.ஓ. லேஅவுட்டில் நிறுத்தினால் 2.26 மீட்டர், ஏழடி ஐந்து அங்குலம். ஐரோப்பிய நிலையத்தில் அது தப்பாகத் தெரியும். நம் பழைய ரயில்வே கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். உயரமான கதவு, அதற்கு மேல் காற்றுக்கு ஒரு திறப்பு, அதற்கும் மேல் எட்டாத உயரத்தில் கூரை. சூடு மேலே போகட்டும் என்று கட்டியவை. ஓ.ஓ. கதவை எச்.ஓ. ஆளுக்குப் பக்கத்தில் வைத்தவுடன் எனக்கு அந்த உயரம் கிடைத்துவிட்டது. இப்போது என் நிலையத்தின் கதவுகளும் பாதி ஜன்னல்களும் இங்கிலாந்துக் கிட்டிலிருந்து வந்தவை. சுவரும் கூரையும் ஜெர்மனி. பழைய ஐரோப்பிய கிட்கள் சில, பெட்டியில் 1:87 என்று போட்டிருந்தாலும் இடத்தைச் சேமிக்க அதைவிடச் சின்னதாகவே செய்யப்பட்டவை. அவற்றை நான் ஒதுக்குவதில்லை. லேஅவுட்டின் பின்பக்கம் மலையடிவாரத்தில் வைத்தால் தூரம் கூடியது போல் தெரிகிறது.

ஒரே கிட்டில் இரண்டு வாங்குங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. காசு கையைக் கடிக்கும், ஆனாலும் சொல்கிறேன். மாஸ்டர் அறை, டிக்கெட் கொடுக்கும் இடம், திறந்த காத்திருப்புக் கூடம், எல்லாம் சேர்த்து ஒரு சின்ன நிலையம் பதினைந்து மீட்டராவது இருக்கும். நம் அளவில் 17 செ.மீ. என் கிட் 11 தான். இரண்டு கிட்டின் நீளச் சுவர்களைச் சேர்த்தால் 22 வரும். அதில் வேண்டாததை வெட்டினால் நினைத்த நீளம் கிடைக்கிறது. மீதியில் கழிப்பறையும் விளக்கறையும் கட்டலாம். கிட்டைப் பிரித்து வேறு கட்டடமாக்கும் இந்தக் கலைக்கு அமெரிக்காவில் கிட்பேஷிங் என்று பெயர். ஆர்ட் கரன் என்பவர் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதிக் குவித்தார். தனிப் புத்தகமும் போட்டார். அவருடைய கட்டுரைகளைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்தது. அவர் பெட்டிப் படத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. சுவரை வெறும் சுவராகப் பார்க்கிறார், தையற்காரர் துணியைப் பார்ப்பது போல.

தையற்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. பிளாஸ்டிக்கில் கத்தி வைக்கும் முன் சுவர்த் தகடுகளை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் நகல் எடுத்துவிடுங்கள். நகலை வெட்டி, பல்பொடி டப்பா, பிஸ்கட் டப்பா எதுவோ அந்த அட்டையில் ஒட்டி, செல்லோடேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். என் நிலையம் அட்டையில் நான்கு முறை கட்டப்பட்டு நான்கு முறை பிரிக்கப்பட்டது. மூன்றாவது முறை கட்டியதை ஒரு வாரம் லேஅவுட்டிலேயே விட்டுவைத்தேன். தினமும் காலையில் காபியோடு போய் நின்று பார்ப்பேன். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, காத்திருப்புக் கூடம் தப்பான முனையில் இருக்கிறது என்று. ஊரிலிருந்து வரும் வண்டிப்பாதை தெற்கே இருக்கிறது. கூட்டமும் தெற்கேதான் வந்து சேரும்.

வெட்டும்போது ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம். எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கத்தியால் ஏழெட்டு முறை மெல்லக் கோடு இழுத்து, பிறகு மேசை விளிம்பில் வைத்து மடக்கினால் சுவர் பிஸ்கட் போல உடையும். இரண்டு துண்டைச் சேர்க்கும் இடம் எவ்வளவு தேய்த்தாலும் தெரியும். அதை மறைக்க அந்த இடத்தில் ஒரு மழைநீர்க் குழாயை இறக்குவார்கள், அல்லது சுவரில் ஒரு தூண் புடைப்பு வைப்பார்கள். நான் புடைப்பு வைத்தேன். நம் பழைய கட்டடங்களில் நீளச் சுவருக்கு அப்படி முட்டுக்கொடுத்திருப்பது சாதாரணம்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்கிறேன், மற்றவர்களுக்குப் பயன்படட்டும். இணைப்பு பலமாக இருக்கட்டும் என்று சுவரின் உள்பக்கம் முழுக்க இன்னொரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினேன். இந்தப் பசை நாம் வழக்கமாக நினைக்கும் பசை இல்லை. பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்துத் தூரிகை நுனியால் தொட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இடுக்கு முழுவதும் தானே ஓடிவிடும். இரண்டு பரப்பும் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். ஆவியாவதற்கு வழி வேண்டும். நான் அகலமான இரண்டு தகட்டுக்கு நடுவில் திரவத்தை ஊற்றி மூடிவிட்டேன். அன்று நேராக இருந்தது, மறுநாளும் நேராக இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சுவர் அப்பளம் போல வளைந்து கிடந்தது. உள்ளே அடைபட்ட திரவம் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கையே மெல்ல மெல்ல இளக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுவரைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போதெல்லாம் உள்தகட்டில் முதலில் வரிசையாகத் துளை போடுகிறேன், அல்லது முழுத் தகட்டுக்குப் பதில் பட்டைகளை மட்டும் ஒட்டுகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். அந்த வாடை தலைவலி தரும், உடம்புக்கும் ஆகாது.

ஜன்னல் கம்பி சின்ன விஷயம், ஆனால் ஊரைச் சொல்லிவிடும். ஐரோப்பியக் கிட்டில் கண்ணாடியும் மரச் சட்டமும்தான் இருக்கும். நம் ஜன்னலுக்கு நிமிர்ந்த இரும்புக் கம்பி வேண்டும். மின்சார ஒயரின் மேலுறையை உரித்தால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று ஏறத்தாழ 0.2 மி.மீ. நிஜ அளவுக்குப் பதினேழு மி.மீ. கம்பி, அப்படியே பொருந்துகிறது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் குறட்டால் பிடித்து ஒரு வெட்டு இழுத்தால் நேராகிவிடும். ஒரு ஜன்னலுக்கு ஏழு கம்பி, ஐந்து ஜன்னல். இரண்டு சாயங்காலம் போனது.

இனிமேல் பூச்சு. எனக்கு இதில்தான் அதிகம் பேசத் தோன்றுகிறது.

கிட் பிளாஸ்டிக்குக்கு ஒரு பளபளப்பு உண்டு. அதன்மேல் எந்த வெள்ளையை அடித்தாலும் குளிர்சாதனப் பெட்டி போலத்தான் இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒளியை அப்படித் திருப்பி அனுப்பாது. மாவு போல உள்ளே வாங்கிக்கொள்ளும். பல வெள்ளைகளை முயன்று சலித்த பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் வெற்றிலைக்கடையைத் தாண்டிப் போகும்போது யோசனை வந்தது: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே அடித்தால் என்ன? ஒரு சின்ன டப்பா வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். மெல்லிய துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்கு நீர் விட்டு, ஒரு சொட்டு ஃபெவிகால் கலந்தேன். நம் ஊரில் வெள்ளையடிக்கிறவர்கள் வாளிச் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், கையில் ஒட்டாமல் இருக்க. சுவருக்கு முதலில் பளபளப்பில்லாத சாம்பல் பிரைமர். காய்ந்த பிறகு சுண்ணாம்பு.

அடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை. ஈரத்தில் சாம்பல்தான் தெரிந்தது, மேலே தண்ணீர் தடவியது போல. வீணாகிவிட்டது என்று நினைத்து டீ குடிக்கக் கீழே போனேன். அரைமணி கழித்து வந்தால் சுவர் வெளுத்திருந்தது. ஓரங்களில் முதலில், நடுவில் பிறகு, திட்டுத் திட்டாக. தூரிகை போன தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்த நாளில் மத்தியானத்துக்கு மேல் சுவர் வெளுத்து வருமே, அதே வெளுப்பு. விரலால் தொட்டேன், நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியது. பிளாஸ்டிக் என்பதே மறந்துபோனது.

மூன்று முறை அடித்தேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிட்டு. அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை. அதற்கு மேல், தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு, நீர்த்த பழுப்பில் ஒரு கறை. சாரல் மேற்கிலிருந்து வருகிற ஊர், அதனால் மேற்குச் சரிவு ஓட்டில் பாசிக் கருப்பும் கரும்பச்சையும் பஞ்சால் ஒற்றினேன். கிழக்குச் சரிவு வெளிறிய சிவப்பு. அந்தச் சரிவில் ஆறே ஆறு ஓட்டுக்கு மட்டும் புத்தம்புது ஆரஞ்சு நிறம். குரங்கு குதித்து உடைத்ததை மாற்றிய இடம். குற்றாலப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் அந்த ஆறு ஓட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

அட்டைக் கிட் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். விலை குறைவு, அச்சு அழகு, கையாள எளிது. நம் ஈரக் காற்றுதான் பிரச்சினை. ஒரு ஐப்பசி மழையில் மூலைகள் விரிந்துவிடும். கட்டும் முன்பே உள்பக்கத்துக்கு அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள், மூலைகளுக்கு மரக் குச்சி வையுங்கள். இன்னொரு எதிரி இராமபாணப் பூச்சி. புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். மாவுப் பசையை எங்கேயாவது பயன்படுத்தினால் நானும் கலக்கிறேன். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கேபினில் நான் அதிகம் கை வைக்கவில்லை. இங்கிலாந்துச் சிக்னல் கேபின் கிட், அடுப்புப் புகைபோக்கியை மட்டும் எடுத்தேன். நம் கேபின்களை அந்தக் காலத்தில் வரைந்த பொறியாளர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தானே, உருவம் கிட்டத்தட்ட அதுவே. தண்ணீர்த் தொட்டியும் அப்படியே.

கூட்ஸ் ஷெட் அப்படி விடவில்லை. இங்கிலாந்துக் கிட்டில் தண்டவாளம் கட்டடத்துக்குள்ளேயே நுழையும். மழையிலும் பனியிலும் கதவைச் சாத்திக்கொண்டு சரக்கு இறக்குவார்கள். என் நினைவில் இருக்கும் ஷெட் மேடையும் கூரையுமாகத் திறந்து கிடக்கும், வேகன் வெளியே மேடையை ஒட்டி நிற்கும். ஆகவே ஒரு நீளச் சுவரை அப்படியே கழற்றிவிட்டேன். அந்தப் பக்கம் கூரையைத் தாங்கத் தூண் வேண்டுமே. பழைய தண்டவாளத்தையே நட்டுத் தூணாக்கியிருப்பதைப் பல நிலையங்களில் பார்த்திருக்கிறேன். என்னிடம் வெட்டிப் போட்ட மாடல் தண்டவாளத் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 40 மி.மீ., துருப்பழுப்பு. கழற்றிய கல் சுவர் வீணாகவில்லை; படுக்க வைத்து மேடையின் முகப்பாக்கினேன். கல்லுக்குக் கல் பொருந்தியது. இந்த லேஅவுட்டில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், நிலையத்தை அல்ல.

சமீபத்தில் முப்பரிமாண அச்சில் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாமே என்று சிலர் எழுதியிருந்தார்கள். செய்யலாம். தண்ணீர்த் தொட்டியின் குழாய் வளைவை நண்பர் ஒருவர் அச்சிட்டுக் கொடுத்தார், அருமையாக வந்தது. இருந்தாலும் வேறு ஊர்ச் சுவரைக் கையில் வைத்துக்கொண்டு, நம் ஊர்ச் சுவர் இதிலிருந்து எங்கே விலகுகிறது என்று தேடுகிற வேலையில் எனக்கு ஊரைப் பற்றித் தெரிய வந்தது அதிகம். தாழ்வாரம் எவ்வளவு நீளும், காவிப் பட்டை எந்த உயரத்தில் நிற்கும் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. 1992-ல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தில் மீட்டர்கேஜ் அநேகமாக எல்லா இடத்திலும் போய்விட்டது. பாதையை மாற்றும்போது பழைய கட்டடங்களும் பல இடங்களில் போயின. இருக்கிற ஒன்றிரண்டையாவது போய் அளந்துகொண்டு வாருங்கள். கூட ஒரு ஆளை நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் போதும், அவர் உயரத்தை வைத்து மற்றதை வீட்டில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் பெரியப்பா மறுபடி வந்தார். முழங்கால் வலி, மாடிப்படி ஏறக் கஷ்டப்பட்டார். நாற்காலி போட்டு லேஅவுட் முன்னால் உட்கார வைத்தேன். விளக்கைப் போட்டேன். அவர் கட்டடத்தைப் பார்க்கவில்லை, முதலில் தாழ்வாரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே டிக்கெட் ஜன்னலுக்கு முன் நான்கு பேர் நிற்கிறார்கள், ஒரு அம்மா மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார், சுவரோரம் சிவப்பு மணல் வாளிகள்.

"ஆங்" என்றார். அதற்குப் பிறகு, "மணி எங்கய்யா?"

எனக்குப் புரியவில்லை.

"வண்டி வாறதுக்கு மணி அடிக்கணும்லா. ஒரு துண்டுத் தண்டவாளம் கட்டித் தொங்கும். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். காதில் மட்டும் இருந்தது, டண் டண் என்று, கண்ணில் இல்லை. டப்பாவிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு எடுத்து எட்டு மி.மீ. நீளத்துக்கு அறுத்து, முனையில் துளை போட்டேன். கை நடுங்கி இரண்டு துரப்பண முனை உடைந்தது. செம்பு இழையில் கோத்து, தாழ்வாரத்தின் வடக்கு முனையில் உத்தரத்தில் தொங்கவிடப் போனேன்.

"அங்க இல்லய்யா" என்றார் பெரியப்பா. நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஆபீஸ் வாசலுக்கு இந்தப் பக்கம். பாயிண்ட்ஸ்மேன் உள்ள இருந்து எட்டு வச்சு வந்து அடிக்கணும். நான் சொல்லுதேன், நீ மாட்டு."

இடுக்கியால் பிடித்துக்கொண்டு நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாசலுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கையைத் தூக்கினார். அங்கே ஒட்டினேன்.